இரண்டே பேர் சேர்ந்து முதல் பாப்-பங்க் ஆல்பம் போடுவது எப்படி

இருவர் மட்டும் இருக்கும் பாப்-பங்க் (பங்க் ராக்கின் வேகமும் பாப்பின் மெட்டும் சேர்ந்த இசை) பேண்ட் ஸ்டூடியோவுக்குள் கால் வைப்பதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டிய முதல் விஷயம் எந்த மைக், எந்த எஞ்சினியர் என்பதில்லை. இல்லாத மூன்றாவது ஆளின் வேலையை யார் பார்ப்பது என்பதுதான். இந்த இசை வளர்ந்ததே கிட்டார், பேஸ், டிரம்ஸ் என்ற மூவர் கணக்கில்; அமெரிக்காவின் கிரீன் டே மூவர், பிளிங்க்-182வும் மூவர். அதில் ஒருவரைக் கழித்துவிட்டு அதே முழக்கத்தை எதிர்பார்த்தால் ஆல்பம் ஒல்லியாகக் கேட்கும், இல்லையென்றால் பயந்துபோய் கிட்டார் ட்ராக்குகளை மேலே மேலே அடுக்கி, யார் எதை வாசித்தார்கள் என்றே தெரியாமல் எல்லாம் கலங்கிப் போகும். இந்த முடிவை முதலில் எடுத்துவிட்டால் பணம் எங்கே போக வேண்டும், நாள் எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் தானாகவே தெளிவாகும். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இருவர் பேண்ட் என்றால் எல்லாம் ஒரே வகை கிடையாது. கனடாவின் வான்கூவரில் இருந்து வந்த ஜப்பான்ட்ராய்ட்ஸ் கிட்டாரும் டிரம்ஸும் மட்டும், பேஸ் கிடையாது, இருவரும் பாடினார்கள். 2009இல் வந்த முதல் ஆல்பத்தில் மொத்தம் எட்டே பாட்டு. அவர்களைச் சுத்தமான பாப்-பங்க் என்று சொல்ல மாட்டேன், கராஜ் ராக்கின் இரைச்சல் அதில் நிறைய உண்டு, ஆனால் இரண்டு பேர் தொண்டை கிழியப் பாடியே ஒரு அறையை நிரப்ப முடியும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அமெரிக்காவின் டாலிராட்ஸ் வேறு வகை: கெல்லி ஆக்டன் பேஸ் வாசித்துக்கொண்டே பாடுவார், லூயிஸ் கபேசாஸ் கிட்டார், டிரம்ஸில் மட்டும் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஃப்ளோரிடாவில் தொடங்கி லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்து 2004இல் முதல் ஆல்பம் போட்டவர்கள். மூன்றாவது வகை கேர்ள்ஃப்ரெண்ட்ஸ் மாதிரி: டிராவிஸ் மில்ஸ் பாடகர், நிக் கிராஸ் டிரம்மர், 2020இல் முதல் ஆல்பம், ஜான் ஃபெல்ட்மேன் தயாரிப்பாளர். இந்த வகையில் மீதி வாத்தியங்கள் ஸ்டூடியோவிலேயே உருவாகும், தயாரிப்பாளரே பாதி பேண்ட் மாதிரி.

நீங்கள் எந்த வகை என்று உட்கார்ந்து பேசுங்கள். பேஸும் கிட்டாரும் கையில் இருந்து டிரம்மர் இல்லை என்றால், ஆல்பத்துக்கு முன்னால் ஒரு நல்ல டிரம்மரைப் பிடித்து, குறைந்தது ஒரு மாதமாவது மூவராக வாசியுங்கள். ரெக்கார்டிங் நாளன்று வந்து முதல்முறையாகப் பாட்டைக் கேட்கும் டிரம்மர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஃபில் (வரிகளுக்கு நடுவே வரும் சின்ன டிரம்ஸ் உருட்டல்) எங்கே வர வேண்டும், எங்கே அடக்க வேண்டும் என்பது உடம்பில் ஏறியிருக்காது. அவருக்கு எவ்வளவு பணம், ரெக்கார்டிங்கில் அவருக்கு உரிமை உண்டா இல்லையா என்பதையும் அப்போதே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கீழ்ச்சுருதி யாருடையது?

கிட்டாரும் டிரம்ஸும் மட்டும் இருக்கும் பேண்டுக்குத்தான் இது பெரிய கேள்வி. கிட்டாரின் தடித்த கம்பி, அதாவது கீழ் ஈ, ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸில் அதிரும். பேஸின் கீழ் ஈ அதற்குச் சரியாக ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே, ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். இந்த ஒரு ஆக்டேவ் இடத்தைத்தான் நிரப்புவதா, காலியாக விடுவதா என்று முடிவு செய்கிறீர்கள்.

சுலபமான வழி, ஆல்பத்துக்காக மட்டும் உங்களில் ஒருவர் பேஸ் வாசித்துவிடுவது. இதில் எந்தத் தப்பும் இல்லை. மேடையில் இரண்டு பேர், ரெக்கார்டில் பேஸ் இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் கிட்டார்காரர் பேஸை எடுத்தால் கிட்டார் மாதிரியே வாசிப்பார். பிக் வைத்து எல்லாமே கீழ்நோக்கி அடித்து, கிக் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) விழும் இடத்தோடு ஒட்டி வாசிக்கப் பழகினால்தான் அது பேஸாகக் கேட்கும். அதனால் வாத்தியத்தைக் கடைசி நிமிடத்தில் கடன் வாங்காமல், சில வாரம் முன்பே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

இன்னொரு வழி கிட்டார் சிக்னலை இரண்டாகப் பிரிப்பது. ஒன்று கிட்டார் ஆம்புக்கு, மற்றது ஆக்டேவ் பெடல் வழியாக பேஸ் ஆம்புக்கு. அமெரிக்காவின் லோக்கல் எச் இருவர் பேண்டில் ஸ்காட் லூகாஸ் இன்னும் ஒரு படி மேலே போய், கிட்டாரிலேயே தடித்த கம்பிகளுக்கு மட்டும் ஒரு பேஸ் பிக்அப் பொருத்தி அதைத் தனி ஆம்புக்கு அனுப்பினார். அவர்கள் கிரன்ஞ் வகை, ஆனால் உத்தி எல்லோருக்கும் பொதுவானது. பெடல் வழியில் போனால் ஒரு சிக்கலைக் கவனியுங்கள்: பவர் கார்டில் இரண்டு சுரம் இருக்கிறது, இரண்டையும் ஒரு ஆக்டேவ் இறக்கினால் கீழே உறுமல்தான் மிஞ்சும். பழைய பெடல்கள் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தைத்தான் பின்தொடரும், கார்டு வாசித்தால் திக்கித் திணறும். அடிச்சுரத்துக்கு மட்டும் ஆக்டேவ் சேர்க்கும் வசதியுள்ள பெடலாகப் பார்த்து வாங்குங்கள், பேஸ் ஆம்பில் மேல் அதிர்வெண்களைக் குறைத்துவிடுங்கள். இரண்டு ஆம்பையும் சேர்த்து இணைத்ததும் ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல் வரும். அது கிரவுண்ட் லூப். அதைப் போக்க டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஸ்ப்ளிட்டர் வாங்குங்கள். தயவுசெய்து ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றாதீர்கள், ஆளையே கொன்றுவிடும்.

மூன்றாவது வழி, காலியாகவே விடுவது. கிட்டாரை டிராப் டியில் (தடித்த கம்பியை ஈயில் இருந்து டிக்கு இறக்கி) வைத்து, தரையில் நிற்கும் பெரிய டிரம்மான ஃப்ளோர் டாமைச் சற்று தாழ்த்தி ட்யூன் செய்து, கீழே இருக்கும் வேலையை டிரம்ஸிடம் கொடுத்துவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான், ஆனால் பாட்டே அப்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். வெர்ஸில் (சரணத்தில்) கிட்டார் முழுக் கார்டு வாசிக்காமல் பாம் மியூட்டில், அதாவது உள்ளங்கையால் கம்பியை அமுக்கியபடி, ஓடினால் கீழே எதுவுமே இருக்காது. டிரம்ஸும் குரலும்தான் கேட்கும். சில பாட்டுக்கு அது அற்புதமாக அமையும், ஆல்பம் முழுக்க அப்படியே போனால் கேட்பவர் களைத்துவிடுவார். பாட்டுக்குப் பாட்டு வேறு வழி எடுப்பதும் சரிதான், யாரும் சட்டம் போடவில்லை.

உள்ளே போகும் முன்

பாட்டுகள் எத்தனை? பத்து, பதினொன்று போதும். அமெரிக்க பங்க் பேண்டான ரமோன்ஸ் 1976இல் போட்ட முதல் ஆல்பத்தில் 14 பாட்டு, ஆனால் மொத்தம் 29 நிமிடம்தான். அதற்கு ஆன செலவு 6,400 டாலர், ஒரு வாரத்துக்குள் முடித்துவிட்டார்கள். பிளிங்க்-182 1995இல் வந்த தங்கள் முதல் ஆல்பத்தை லாஸ் ஏஞ்சலஸில் மூன்றே நாளில் ரெக்கார்ட் செய்தார்கள். இதைப் படித்துவிட்டு நாமும் மூன்று நாளில் முடித்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். அவர்கள் அந்தப் பாட்டுகளை மேடையில் மறுபடி மறுபடி வாசித்துத் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். வேகம் ஸ்டூடியோவில் கிடைப்பதில்லை, ரிகர்சல் அறையில்தான் கிடைக்கிறது.

ஒவ்வொரு பாட்டையும் போனிலாவது ரெக்கார்ட் செய்து, மறுநாள் நடந்துகொண்டே கேளுங்கள். கோரஸ் எத்தனையாவது விநாடியில் வருகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடம் தாண்டியும் வரவில்லை என்றால் இன்ட்ரோவையோ இரண்டாவது வெர்ஸையோ வெட்டுங்கள். ஒரே வேகத்தில் ஆறு பாட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள், இருவர் பேண்டில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் இருவருக்கும் கை பழகிய வேகம் ஒன்றே. 160, 175, 190 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை தட்டு) என்று மாற்றி மாற்றி இருக்கட்டும், ஒன்றாவது நடுவில் பாதி வேகத்துக்கு இறங்கட்டும்.

சுருதி விஷயமும் இப்போதே. பாப்-பங்க் பாட்டு குரலின் மேல் எல்லையில்தான் உயிரோடு இருக்கும், ஆனால் கோரஸை ஒருமுறை எட்டிப் பிடிப்பதும் ஸ்டூடியோவில் பதினைந்தாவது முறை பாடுவதும் வேறு வேறு. தொடர்ந்து நாலு பாட்டு பாடி முடித்த பிறகு அந்தக் கோரஸைப் பாடிப் பாருங்கள். அப்போதும் வந்தால் சரி. வரவில்லையென்றால் கிட்டாரையே அரைச் சுரம் இறக்கிவிடுங்கள், யாருக்கும் தெரியாது, குரல் தப்பிக்கும்.

அப்புறம் கிளிக், அதாவது வேகம் மாறாமல் இருக்க ஹெட்ஃபோனில் ஓடும் தாளத் தட்டு. 190 பிபிஎம்மில் டிக் டிக் என்று காதில் குத்திக்கொண்டே இருந்தால் எந்த டிரம்மரும் விறைத்துப்போவார். கிளிக்குக்குப் பதில் ஷேக்கர் லூப் போடலாம், அல்லது பாதி எண்ணிக்கையில் போடலாம். கோரஸில் இரண்டு, மூன்று பிபிஎம் ஏற்றிக்கொள்வதும் நல்ல பழக்கம். மேடையில் கோரஸ் வந்ததும் எல்லோரும் இயல்பாகவே கொஞ்சம் முந்துவார்கள், ரெக்கார்டிலும் அந்த உந்துதல் இருக்கட்டும்.

நாட்களைப் பிரிப்பதில் என் கணக்கு இது: பத்துப் பாட்டுக்கு டிரம்ஸ் இரண்டு நாள், அதில் முதல் அரை நாள் ட்யூனிங்குக்கும் மைக் வைப்பதற்கும் மட்டுமே போய்விடும், அதைக் குறைக்காதீர்கள். பேஸ் ஒரு நாள். கிட்டார் இரண்டு. குரலுக்கு மூன்று அல்லது நாலு, அதுவும் தொடர்ச்சியாக வேண்டாம். கிட்டாரையும் பேஸையும் வீட்டிலேயே டிஐ மூலம் (ஆம்ப் இல்லாமல் நேராகக் கணினிக்குள்) வாசித்துக் கொண்டுவந்து, பிறகு ஸ்டூடியோவில் நிஜ ஆம்ப் வழியாக மறுபடி ஓட விடலாம், இது காசை நன்றாக மிச்சம் பிடிக்கும். டிரம்ஸுக்கு மட்டும் நல்ல அறை வேண்டும். பணம் குறைவு என்றால் அறைக்குக் கொடுங்கள்.

டிரம்ஸ்

இருவர் பேண்டின் ஆல்பத்தில் பாதி சத்தம் டிரம்ஸ்தான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

ரெக்கார்டிங்குக்கு முந்தைய நாள் எல்லாத் தோலையும் மாற்றிவிடுங்கள். ஸ்னேருக்கு (முன்னால் இருக்கும் கூர்மையான சத்தமுள்ள டிரம்) ஒரு தோல் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், பத்துப் பாட்டை இந்த வேகத்தில் அடித்தால் நடுப்பகுதி குழிந்துவிடும். ட்யூன் செய்யும்போது எதிர் எதிர் திருகாணிகளாக மாறி மாறி இறுக்குங்கள், ஒவ்வொரு திருகாணிக்கும் பக்கத்தில் விரலால் தட்டி ஒரே சுரம் வருகிறதா என்று கேளுங்கள். ஸ்னேர் சற்று உயரமாகவே இருக்கட்டும், கிட்டார் சுவரைத் துளைத்து வெளியே வர வேண்டியது அதுதான். வேண்டாத ரீங்காரம் வந்தால் ஓரத்தில் சின்னத் துண்டு டேப் ஒட்டுங்கள், மொத்தமாகப் போர்த்திவிடாதீர்கள். ஒவ்வொரு டேக்குக்குப் பிறகும் ஸ்னேரை ஒருமுறை சரிபாருங்கள். வேகப் பாட்டில் டிரம்மர் குச்சியை விளிம்போடு சேர்த்து அடிப்பதால் அந்தப் பக்கத்துத் திருகாணி ஒன்றிரண்டு தளர்ந்திருக்கும், மூன்றாவது பாட்டுக்கும் எட்டாவது பாட்டுக்கும் ஸ்னேர் வேறு வேறாகக் கேட்பதற்கு இதுதான் காரணம்.

சிம்பலை மெதுவாக அடியுங்கள், டிரம்மை ஓங்கி அடியுங்கள். இந்த ஒரு வரியை டிரம்மர் மனதில் ஏற்றிக்கொண்டால் மிக்ஸில் பாதி தலைவலி போய்விடும். பாப்-பங்க் டிரம்மர்கள் கோரஸில் கிராஷ் சிம்பலிலேயே சவாரி செய்வார்கள், அந்தச் சத்தம் எல்லா மைக்கிலும் புகுந்துவிடும். பிறகு ஸ்னேரை ஏற்றினால் சிம்பலும் சேர்ந்து ஏறும், தனியாகப் பிரிக்க வழியே கிடையாது. மெல்லிய, சற்று இருண்ட குரலுள்ள சிம்பல்களைக் கடன் வாங்கியாவது கொண்டுபோங்கள். மேடையில் வெட்டி எடுக்கும் பளபளப்பான சிம்பல் மைக் முன்னால் காதைக் கிழிக்கும்.

மைக் குறைவாக இருந்தால் கவலைப்பட வேண்டாம். கிளின் ஜான்ஸ் என்ற ஆங்கிலேய எஞ்சினியர் பெயரில் வழங்கும் முறைக்கு நாலு மைக் போதும்: கிக்குக்கு ஒன்று, ஸ்னேருக்கு ஒன்று, செட்டுக்கு மேலே ஒன்று, ஃப்ளோர் டாம் பக்கம் ஒன்று. மேலே உள்ளதும் பக்கத்தில் உள்ளதும் ஸ்னேரின் நடுவில் இருந்து சரியாக ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். இதற்கு டேப் அளவு தேவையில்லை, ஒரு மைக் கேபிளின் நுனியை ஸ்னேர் நடுவில் ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் அதை முதல் மைக் வரை இழுத்து, அந்த இடத்தில் விரலால் பிடித்தபடியே இரண்டாவது மைக் பக்கம் திருப்பினால் போதும். விரல் பிடித்த இடம் அங்கேயும் சரியாக எட்டினால் ஸ்னேர் இரண்டு மைக்கிலும் ஒரே நேரத்தில் வந்து சேரும், திடமாக நடுவில் நிற்கும். எட்டாவிட்டால் மைக்கை நகர்த்துங்கள்.

எல்லாப் பாட்டும் முடிந்த பிறகு, மைக்குகளைக் கழற்றும் முன், ஒவ்வொரு டிரம்மையும் தனித்தனியாகப் பல பலத்தில் அடித்து ரெக்கார்ட் செய்துகொள்ளுங்கள், ஒவ்வொரு அடியும் முழுதாக அடங்கும் வரை காத்திருந்து. மிக்ஸில் கிக்கையோ ஸ்னேரையோ கொஞ்சம் தடிமனாக்க வேண்டுமென்றால் இணையத்தில் கிடைக்கும் யாரோ ஒருவரின் ஸ்னேர் வேண்டாம், உங்கள் ஸ்னேரே இருக்கும்.

கிட்டாரும் பேஸும்

டிஸ்டார்ஷனைக் குறையுங்கள். தனியாகக் கேட்கும்போது ‘இன்னும் கொஞ்சம் வேண்டும்’ என்று தோன்றும் அளவில் நிறுத்தினால், இரண்டு டேக் சேர்ந்ததும் சரியாக இருக்கும். புதுக் கம்பி, ஒவ்வொரு டேக்குக்கும் முன் ட்யூனிங், 12ஆவது ஃப்ரெட்டில் சுரம் சரியாக இருக்கிறதா என்று முந்தைய வாரமே கடையில் கொடுத்துச் சரிசெய்வது, இதெல்லாம் சலிப்பான வேலை, ஆனால் சுருதி விலகிய பவர் கார்டை எந்தப் பிளக்-இன்னும் காப்பாற்றாது. வேகமாக அழுத்தி அடிப்பவர் கை என்றால் கம்பி 11 கேஜ் போடுங்கள், மெல்லிய கம்பி அடித்த வேகத்தில் சுருதி ஏறி இறங்கும்.

ஆம்புக்கு எஸ்எம்57 மைக் ஒன்று போதும். ஸ்பீக்கரின் நடுவில் இருக்கும் மூடியின் விளிம்புக்கு நேராக, துணியில் இருந்து இரண்டு விரல் தள்ளி வையுங்கள். நடுப்பக்கம் நகர்த்தினால் கூர்மை ஏறும், வெளிப்பக்கம் நகர்த்தினால் மங்கும். ஒரு விரல் அகலம் நகர்ந்தாலே வித்தியாசம் தெரியும், எனவே ஒருவர் வாசிக்க மற்றவர் ஹெட்ஃபோனோடு மைக்கை நகர்த்திப் பாருங்கள். ஈக்யூவை (அதிர்வெண்களை ஏற்றி இறக்கும் கருவி) தொடும் முன் இதைச் செய்யுங்கள்.

இப்போது இருவர் பேண்டுக்கே உரிய கேள்வி: மேடையில் ஒரு கிட்டார்தான், ரெக்கார்டில் எத்தனை? இந்த இசையின் அகலமே ஒரே பாகத்தை இருமுறை தனித்தனியாக வாசித்து, ஒன்றை முழு இடப்பக்கமும் மற்றதை முழு வலப்பக்கமும் வைப்பதில் இருக்கிறது. இரண்டு டேக்கிலும் கை விழும் நேரம் நூலிழை மாறும், அந்த நூலிழைதான் அகலம். ஒரே டேக்கைக் காப்பி செய்து இரண்டு பக்கமும் வைத்தால் அகலம் வராது, நடுவில் சத்தம் கூடும், அவ்வளவுதான். சில மில்லிவிநாடி தள்ளிவைத்து ஏமாற்றலாம் என்றால், மோனோவில், அதாவது ஒற்றை ஸ்பீக்கரில், கிட்டார் சொத்தையாகிவிடும். உண்மையாகவே இருமுறை வாசியுங்கள்.

வெர்ஸில் ஒரே கிட்டார், கோரஸில் இரண்டு, கடைசிக் கோரஸில் நடுவே மெலடியோடு மூன்றாவது. இதற்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாது. ரமோன்ஸின் முதல் ஆல்பத்தை ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள்: கிட்டார் ஒரு பக்கம், பேஸ் மறுபக்கம், நடுவில் டிரம்ஸும் குரலும். எதுவும் எதையும் மறைக்கவில்லை. இருவர் பேண்டுக்கு இதில் பெரிய தைரியம் கிடைக்கிறது, குறைவாக இருப்பதை ஒளிக்காமல் தள்ளித் தள்ளி வைத்தாலே பெரிதாகக் கேட்கும்.

பேஸ் வாசிக்கிறீர்கள் என்றால் டிஐ ஒரு ட்ராக், டிஸ்டார்ஷன் ஏற்றிய ஆம்ப் இன்னொரு ட்ராக். கீழ்ப்பகுதியை டிஐயில் இருந்தும், உறுமலை ஆம்பில் இருந்தும் எடுங்கள், ஆம்ப் ட்ராக்கில் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் மேலெழும்புகிறதா என்று திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஒட்டவையுங்கள், இல்லையென்றால் ஒன்றையொன்று தின்றுவிடும்.

குரல்

ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பாட வேண்டாம். முதலில் வெர்ஸ்கள், தொண்டை சூடான பிறகு கோரஸ்கள், கத்தும் பகுதி எல்லாம் நாள் முடிவில். ஒவ்வொரு பாட்டுக்கும் நாலைந்து முழு டேக் எடுத்து, வரி வரியாகப் பொறுக்குங்கள். பொறுக்கும்போது சுருதி சுத்தமான வரியைவிட சொல்வதை நம்பிச் சொன்ன வரியை எடுங்கள். ஆட்டோட்யூன் இந்த வகையில் சகஜம், இருந்தாலும் கத்தலின் ஓரத்தில் இருக்கும் பிசிறை எல்லாம் நீவிவிட்டால் பாட்டில் ஆளே இருக்க மாட்டார்.

கோரஸில் முதன்மைக் குரலை இருமுறை பாடி அடுக்குங்கள், மேலே ஒரு ஹார்மனி. முடிந்தால் ஹார்மனியை மற்றவரே பாடட்டும், டிரம்மராக இருந்தாலும் சரி, சுமாராகப் பாடினாலும் சரி. ஒரே ஆள் தனக்குத்தானே ஹார்மனி பாடினால் வழவழவென்று இருக்கும். இரண்டு வேறு வேறு குரல் மோதும்போதுதான் இங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பது கேட்பவருக்குப் புரிகிறது.

கூட்டக் கத்தல், ‘ஹே!’, ‘ஓ ஓ’ எல்லாம் இரண்டு பேரால் முடியுமா? முடியும். மைக்கை அறை நடுவில் வைத்து, இருவரும் முதலில் ஒரு அடி தூரத்தில், பிறகு ஆறு அடியில், பிறகு சுவரோரம் நின்று, ஒவ்வொரு தடவையும் குரலை மாற்றிக் கத்துங்கள்: ஒன்று மூக்கால், ஒன்று அடித்தொண்டையில், ஒன்று சின்னப் பையன் மாதிரி. ஏழெட்டு அடுக்கு வந்ததும் கூட்டமாகிவிடும். நண்பர்களைக் கூப்பிட்டால் இன்னும் நல்லது, ஒரு மாலை போதும், எல்லாப் பாட்டின் கத்தலையும் ஒரே மூச்சில் எடுத்துவிடலாம்.

மிக்ஸ்

நீங்களே ரெக்கார்ட் செய்திருந்தால் மிக்ஸை வேறு ஒருவரிடம் கொடுங்கள். கிரீன் டேயின் 1994 ஆல்பமான டூக்கியே இரண்டு முறை மிக்ஸ் செய்யப்பட்டது. முதல் மிக்ஸ் பேண்டுக்குத் திருப்தியாக இல்லை, இன்னும் வறண்ட, நேரடியான சத்தம் வேண்டும் என்று மறுபடி செய்தார்கள், அங்கேதான் ஜெர்ரி ஃபின் உள்ளே வந்தார், பிற்பாடு பிளிங்க்-182 ஆல்பங்களைத் தயாரித்தவர். அதனால் முதல் மிக்ஸ் பிடிக்கவில்லையென்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘இன்னும் பஞ்ச் வேண்டும்’ என்று மட்டும் சொன்னால் எதுவும் நடக்காது, ‘இரண்டாவது கோரஸில் ஸ்னேர் கிட்டாருக்குள் மறைகிறது’ என்று இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். குறிப்புகளை இருவரும் பேசி ஒரே பட்டியலாக அனுப்புங்கள். ஆளுக்கு ஒரு பட்டியல் போனால் எஞ்சினியர் நடுவில் மாட்டிக்கொள்வார்.

குரலும் ஸ்னேரும் முன்னால். கிக்குக்கும் பேஸுக்கும் 60 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை ஒரே இடத்தில் சண்டை வரும், ஒன்றுக்கு வழிவிட்டு மற்றதைக் கொஞ்சம் ஒதுக்குங்கள். பேஸ் இருந்தால் கிட்டாரில் 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். பேஸ் இல்லாத பாட்டில் அந்த வெட்டு வேண்டவே வேண்டாம், இருப்பதே அதுதான். எஞ்சினியர் பழக்கத்தில் வெட்டிவிடுவார், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மாஸ்டரிங்குக்கு (வெளியிடும் முன் நடக்கும் கடைசி ஒலிச் சரிசெய்தல்) 24 பிட் வேவ் ஃபைல் அனுப்புங்கள், மொத்த மிக்ஸில் லிமிட்டர் போட்டு நசுக்காமல். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (கேட்கும் சத்தத்தின் அளவுகோல்) அளவுக்குச் சமப்படுத்துகிறது என்பதற்காக நீங்களே அந்த அளவுக்கு இறக்கத் தேவையில்லை, இந்த வகை இசைக்கு ஓரளவு அழுத்தமான சத்தம் வேண்டும். ஆனால் சத்தம் ஏற ஏற ஸ்னேர் தட்டையாகிறது என்றால் அங்கே நிறுத்துங்கள்.

வினைல் போடும் எண்ணம் இருந்தால் பாட்டு வரிசையை இப்போதே முடிவு செய்யுங்கள், ஒரு பக்கத்துக்கு 18 நிமிடத்துக்குள் இருந்தால் சத்தம் கனமாக இருக்கும். தட்டின் உள்வட்டத்துக்குப் போகப் போக ஒலி மங்கும், எனவே இரைச்சல் அதிகமான பாட்டைப் பக்கத்தின் கடைசியில் வைக்காதீர்கள். வினைல் இல்லாவிட்டாலும் முதல் பாட்டு குறுகியதாக இருக்கட்டும், பேஸ் இல்லாத பாட்டு இரண்டை அடுத்தடுத்து வைக்க வேண்டாம்.

வெளியிடும் முன்

யார் எழுதியது, எவ்வளவு பங்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இரண்டு பேர்தானே, நண்பர்கள்தானே என்று விடுவதுதான் பின்னால் வலிக்கும். மெட்டு ஒருவர், வரி ஒருவர், அமைப்பு இருவரும் என்றால் பாதிப் பாதி என்று போட்டுவிடுவதே நல்லது, பாட்டுக்குப் பாட்டு சதவீதம் பேசினால் நட்புக்கு ஆகாது. இந்தியாவில் இருந்தால் ஐபிஆர்எஸ், கனடாவில் சோகான், பிரிட்டனில் பிஆர்எஸ் என்று பாட்டு எழுதியவர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் அந்தந்த ஊர் அமைப்பில் பாட்டுகளைப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு ட்ராக்குக்கும் ஐஎஸ்ஆர்சி எண் (அந்த ரெக்கார்டிங்கின் அடையாள எண்) வேண்டும், பெரும்பாலான விநியோகஸ்தர்களே அதைக் கொடுத்துவிடுவார்கள்.

ஸ்பாட்டிஃபையின் எடிட்டர்களுக்குப் பாட்டை முன்மொழிய வெளியீட்டுக்கு ஏழு நாளாவது முன்பே செய்ய வேண்டும். நான் ஒரு மாதம் விட்டுக்கொள்ளச் சொல்வேன், ஆர்ட்வொர்க் அளவு சரியில்லை, பெயரில் எழுத்துப்பிழை என்று ஏதாவது திரும்பி வரும்.

காத்திருக்கும் அந்த ஒரு மாதத்தில் ஆல்பத்தை இரண்டு பேராக மேடையில் வாசிக்கப் பழகுங்கள். ரெக்கார்டில் இருக்கும் மூன்றாவது கிட்டாரையும் ஹார்மனியையும் பேக்கிங் ட்ராக்கில் ஓட விடுவதா, விட்டுவிடுவதா என்று பாட்டுக்குப் பாட்டு முடிவு செய்யுங்கள். ட்ராக் ஓட விட்டால் டிரம்மர் காதில் கிளிக் வேண்டும், லேப்டாப் நின்றுபோனால் அதே பாட்டை அது இல்லாமல் வாசித்து முடிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். இன்னொரு கிட்டாரை ட்யூன் செய்து பக்கத்திலேயே ஸ்டாண்டில் வைத்திருங்கள். கம்பி அறுந்தால், மாற்றி முடிக்கும்வரை பாட்டை இழுத்துப் பிடிக்க டிரம்மரைத் தவிர வேறு ஆள் இல்லை, அவருக்கும் அந்த இடைவெளியில் என்ன வாசிப்பது என்று முன்பே சொல்லிவையுங்கள்.